பச்சை முண்டாசுக்காரி

லிலோங்வே,
பிப்ரவரி 11

அன்புத் தங்கை தியாமிகேவுக்கு,

அண்ணன் லிம்பிகானி எழுதுகிறேன். இங்கே ஒரு குறையும் இல்லை என்று எழுதினால் அம்மா சும்மா விடமாட்டாள். அவளுக்கு முழங்கால் வலி, அதை முதலில் எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். நீயும் குழந்தை அதுபெலேயும் சிப்பாட்டாவில் வேளைக்குச் சாப்பிட்டு, பயமில்லாமல் தூங்குகிறீர்கள் என்று ஒரு வரி வந்தால் எனக்குப் போதும்.

போனில் பேசவே கூடாது என்று நீ சொன்னதை நான் மீறவில்லை. உன் புருஷன் வைசனுக்கு எங்கெங்கோ ஆள் இருக்கிறது. செவ்வாய்தோறும் துணி மூட்டையோடு எல்லை தாண்டி உன் ஊருக்கு வருகிற நசிபேகோ அம்மா இடுப்புத் துணியில் முடிந்துதான் இந்தக் கடிதம் வருகிறது. அவள் யாரிடமும் வாய் திறக்க மாட்டாள். ஆனால் வாய் திறக்காமல் இருப்பதற்கு ஒவ்வொரு முறையும் என்னிடம் ஏரிக் கருவாடு வாங்கிக்கொள்கிறாள்.

போன வாரம் வைசனே இங்கே வந்தான். சர்க்கரைப் பொட்டலத்தை வைத்துவிட்டு, அம்மா முன்னால் குந்தி உட்கார்ந்து கை தட்டி மரியாதை செய்தான். "மச்சான், அவ எங்க இருக்கா? சொன்னா நானே போயி சமாதானம் பேசிக் கூட்டிட்டு வந்துருவேன்" என்றான். இங்கேயே தெற்கே, பிளான்டயரில் சித்தி வீட்டில் இருக்கிறாய் என்று சொன்னேன். அதற்கு முந்தைய முறை என்ன சொன்னேன் என்பது எனக்கே நினைவில்லை. அவன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். கத்தியிருந்தால்கூட நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். உன் கையை உடைத்த அன்றும் அவன் கத்தவில்லை என்று நீ சொன்னாயே, அதுதான் நினைவுக்கு வந்தது. நீ எந்த நாட்டில் இருக்கிறாய் என்றுகூட அவனுக்குத் தெரியாது. தெரிந்தால் அதுபெலேயைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். உன்னை என்ன செய்வான் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

சரி, நல்ல செய்திக்கு வருகிறேன். எனக்கு வேலை கிடைத்துவிட்டது. சுஸ்கோ என்று வடக்கத்திப் பையன், என்னோடு கல்லூரியில் படித்தவன், போனில் ஆடுகிற விளையாட்டுகள் செய்கிறான். இப்போது செய்வது எல்லைச் சாவடி விளையாட்டு. ஆடுகிறவர்தான் அதிகாரி. ஜன்னலுக்கு ஒரு பயணி வருவார், பயணத் தாளை நீட்டுவார். எங்கே போகிறீர்கள், எதற்கு, எத்தனை நாள், கூட வருவது யார் என்று அதிகாரி கேட்பார். சொல்கிற பதிலும் தாளில் இருப்பதும் ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டையும் விரலால் தொட வேண்டும். தொட்டால் நடுவில் ஒரு கோடு விழும், 'ஏன்?' என்று ஒரு பொத்தான் வரும். அதை அழுத்தினால் பயணி விளக்கம் சொல்வார். அது நாக்குப் பிசகியதா, பொய்யா என்று பார்த்துப் பச்சை முத்திரையோ சிவப்பு முத்திரையோ குத்த வேண்டும். அந்த விளக்கங்களை எழுதுவதுதான் என் வேலை.

அங்கேதான் வண்டி நிற்கிறது. நான் எழுதுகிற பொய்யெல்லாம் பொய்யாகவே இருக்கிறதாம். "ஒம் பயணிங்களுக்கு பயமே இல்லடா, கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி பேசறாங்க" என்கிறான் சுஸ்கோ. எனக்குத் தெரிந்து உண்மையாகவே பயந்துகொண்டு ஜன்னலில் நின்றவள் நீதான். உன்னைப் பஸ் ஏற்றிவிட்டதோடு சரி, அங்கே என்ன நடந்தது என்று நீ சொன்னதே இல்லை. முடிந்தால் எழுது. முடியாவிட்டால் வேண்டாம்.

உன் அண்ணன்,
லிம்பிகானி

*

சிப்பாட்டா,
பிப்ரவரி 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதமும் அம்மா கொடுத்தனுப்பிய நிலக்கடலையும் வந்தன. கடலையை அதுபெலே ஒரே நாளில் தீர்த்துவிட்டாள். எலிடா அக்காவின் தையல் கடையில் பள்ளிச் சீருடை தைக்கிறேன். மழை நாளில் இடது மணிக்கட்டு வலிக்கிறது, அப்போது மட்டும் பொத்தான் கட்டுகிற வேலை. அதுபெலேக்குப் பள்ளியில் மெர்சி என்று பெயர் கொடுத்திருக்கிறோம். அப்பா எங்கே என்று யாராவது கேட்டால் செத்துவிட்டார் என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். எட்டு வயதுக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடமா இது என்று நீ கேட்பாய். வேறு வழி தெரிந்தால் சொல்.

அந்த ஜன்னலைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. பேசினால் மறுபடி அந்த வரிசையில் போய் நிற்கிற மாதிரி இருக்கிறது. ஆனாலும் நீ கேட்டுவிட்டாய்.

தாளில் போகிற ஊர் லுசாகா என்று எழுதியிருந்தது. அதிகாரி எங்கே போகிறாய் என்று கேட்டதும் எனக்கு லுசாகா என்ற பெயரே மறந்துவிட்டது. "சிப்பாட்டா, பள்ளிவாசலுக்குப் பின்னாடி எலிடா அக்கா தையக்கடைக்கு" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மொதல்ல அங்க, அப்புறம் லுசாகா என்று சமாளித்தேன். எத்தனை நாள் என்றார். தாளில் மூன்று நாள். நான் ஒரு வாரம் என்றேன். அப்போது இந்தக் குழந்தை, யாரும் கேட்காமலே, "அப்பா லாரி எடுத்துக்கிட்டுப் போன பொறவுதான் நாங்க கெளம்பினோம்" என்றது.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இந்தப் புள்ளைக்கு யாரு பொறுப்பு?" என்று கேட்டார். தாளில் வைசன் பெயர் இருந்தது. நான், "எங்க அண்ணன்" என்றேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"கூடப் பொறந்தவனா?"

"ஆமாங்க."

"நீ போறது அவருக்குத் தெரியுமா?"

"அவருதாங்க பஸ் ஏத்தி விட்டாரு."

"மாமனுக்குத் தெரிஞ்சா சரி" என்று சொல்லிவிட்டு முத்திரை குத்தினார். அவர் நம்ம ஆள், பிள்ளைக்கு மாமனே பொறுப்பு என்கிற நம்ம பக்கத்துக்காரர் என்று அப்போதுதான் புரிந்தது. வேறு யாராவது இருந்திருந்தால் நான் இன்று வைசன் வீட்டில் இருப்பேன், அல்லது எங்கேயும் இருக்க மாட்டேன். இப்போதும் கடை வாசலில் லாரிச் சத்தம் கேட்டால் உள் அறைக்குப் போய்விடுகிறேன்.

இதை உனக்காகத்தான் எழுதினேன், அண்ணா. விளையாட்டுக்கு வேண்டுமானால் பயம் எப்படி இருக்கும் என்பதை மட்டும் எடுத்துக்கொள். மற்றதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

அன்புத் தங்கை,
தியாமிகே

*

லிலோங்வே,
மார்ச் 18

அன்புத் தங்கை தியாமிகேவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அம்மாவிடம் காட்டாமல் அடுப்பில் போட்டேன். அன்று முழுக்க எனக்குக் களி இறங்கவில்லை. உன்னைத் தனியாக அனுப்பினேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. அந்த ஜன்னல் காட்சியை விளையாட்டில் வைத்துவிட்டேன். ஊர்ப் பெயர், ஆள் பெயர் எல்லாம் மாற்றிவிட்டேன், எலிடா அக்கா எலிசா ஆகிவிட்டாள், உனக்கும் குழந்தைக்கும் பெயரே இல்லை. பச்சை முண்டாசு கட்டிய ஒரு பெண், கையில் ஒரு சிறுமி, அவ்வளவுதான். முதலில் ஊர் பொருந்தவில்லை, பிறகு நாள் பொருந்தவில்லை, பிறகு குழந்தை வாயைத் திறக்கிறது, கடைசியில் பொறுப்பு யார் என்ற கேள்வி. ஆடிப் பார்த்த எல்லோரும் அந்த இடத்தில் விரலைத் தூக்கிவிட்டு யோசிக்கிறார்கள். சுஸ்கோ என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். இதுவரைக்கும் நீ எழுதினதெல்லாம் குப்பை, இது ஒன்றுதான் எழுத்து என்றான்.

பிறகு ஒரு சண்டையும் வந்தது. எந்த முத்திரை சரி என்று விளையாட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதற்கு ஏற்றபடிதான் புள்ளி. நான் பச்சை என்றேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை.

"தாள்ல அப்பன் பேரு இருக்கு. இவ மாமன்ங்கறா. அப்புறம் எப்புடிடா பச்சை?"

"எங்க பக்கத்துல மாமன்தான்டா பொறுப்பு. தாளும் நெசம், அவ சொன்னதும் நெசம்."

"எங்க பக்கத்துல மாடு குடுத்துப் பொண்ணக் கட்டினவனுக்குத்தான் புள்ள. ஒங்க ஊருக்கு ஒரு சட்டம், எங்க ஊருக்கு ஒரு சட்டம்னு வெச்சா ஆடறவன் போனைத் தூக்கி அடிப்பான். புள்ள கடத்தல்னு போடு, செகப்பு."

சம்பளம் கொடுக்கிறவன் அவன். ஆகவே பச்சை முண்டாசுக்காரியை உள்ளே விட்டால் புள்ளி குறையும், திருப்பி அனுப்பினால் ஏறும். வெறும் புள்ளிதானே, தங்கச்சி. விளையாட்டு போன வாரம் வெளியே வந்தது. காசு கொடுத்து இறக்கிக்கொள்கிறவர்கள் குறைவு, ஆனால் ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு அனுப்பி அனுப்பி ஊரெல்லாம் பரவிவிட்டது. மினிபஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன் ஆடுவதைப் பார்த்தேன். நான் எழுதினது என்று சொல்ல வாய் துடித்தது.

வைசன் வரவில்லை. நல்லதுதான். மரவள்ளி மாவு அனுப்பியிருக்கிறேன், பூச்சி இருந்தால் சலித்துக்கொள்.

உன் அண்ணன்,
லிம்பிகானி

*

சிப்பாட்டா,
ஏப்ரல் 25

அண்ணாவுக்கு,

போன மாதம் உன் கடிதம் வந்தபோது எனக்குக் கோபம் வந்தது. நல்ல வேலை, அண்ணன் சந்தோஷமாக இருக்கிறான் என்று அடக்கிக்கொண்டேன். பதில் எழுதாததற்கு அதுதான் காரணம். இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை.

நேற்றுத்தான் உன் விளையாட்டைப் பார்த்தேன். அளவு கொடுக்க வந்த பெண் ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். பச்சை முண்டாசு கட்டிய பொம்மை ஜன்னலில் நிற்கிறது. 'பள்ளிவாசலுக்குப் பின்னாடி எலிசா அக்கா தையக்கடைக்கு' என்று எழுத்து ஓடுகிறது. நான் அளவு நாடாவோடு பள்ளிவாசலுக்குப் பின்னால் உள்ள தையல் கடையில் நின்றுகொண்டு அதைப் படிக்கிறேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "இவ ஒரு புள்ளத் திருடி அக்கா, எல்லாருக்கும் தெரியும். ஏன்னுகூடக் கேக்க வேணாம், செகப்பு குத்திட்டுப் போய்க்கிட்டே இருக்கலாம்" என்று என்னிடம் சொல்லிக்கொடுத்தாள். பிறகு கடையைச் சுற்றிப் பார்த்து, "அட, ஒங்க கடைகூட பள்ளிவாசலுக்குப் பின்னாடிதான்" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள்.

ஒரு முறை நான் ஆடட்டுமா என்று கேட்டு வாங்கினேன். அந்தப் பொம்மைக்குப் பச்சை முத்திரை குத்தினேன். 'தவறு' என்று வந்தது, புள்ளி குறைந்தது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பெயரை மாற்றிவிட்டேன் என்று எழுதினாய். பெயரை வைத்துக்கொண்டு யார் என்ன செய்யப் போகிறார்கள்? கடையை அப்படியே வைத்திருக்கிறாய், பள்ளிவாசலை வைத்திருக்கிறாய், அப்பா லாரி எடுத்துக்கொண்டு போன பிறகு கிளம்பினோம் என்று குழந்தை சொன்னதையும் ஒரு சொல் விடாமல் வைத்திருக்கிறாய். லாரி ஓட்டுகிறவர்கள் எல்லைக்கு முன்னால் இரண்டு நாள் மூன்று நாள் வரிசையில் கிடக்கிறார்கள், அண்ணா. போனை நோண்டுவதைத் தவிர அவர்களுக்கு வேறு என்ன வேலை? வைசன் அந்த வரிசையில்தான் பாதி வாழ்க்கை வாழ்கிறான். நீ அதை யோசிக்கவே இல்லையா?

பயத்தை மட்டும் எடுத்துக்கொள் என்று எழுதியிருந்தேன். நீ மற்ற எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாய். பயம் முழுக்க என்னிடமே இருக்கிறது.

இதைப் படித்ததும் அந்தக் கடையை விளையாட்டிலிருந்து எடுத்துவிடு. காட்சியையே எடுத்துவிடு. சுஸ்கோ என்ன சொன்னாலும் சரி.

தியாமிகே

*

லிலோங்வே,
ஏப்ரல் 29, திங்கள்

தங்கச்சி,

முதலில் இதைப் படித்துவிடு. இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் கடையை விட்டுக் கிளம்பு. நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதே. மீதியைப் பஸ்ஸில் உட்கார்ந்து படி.

வெள்ளிக்கிழமை உன் கடிதம் வந்தது. உடனே சுஸ்கோவிடம் ஓடினேன், எல்லாவற்றையும் சொன்னேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "ஒந் தங்கச்சின்னு எங்கிட்ட ஏன்டா சொல்லல? நான் செகப்புன்னு சண்ட போட்டேனேடா" என்று அழாத குறை. சனிக்கிழமை காலைக்குள் அந்தக் காட்சியை எடுத்துவிட்டோம். ஆனால் எங்களால் எடுக்க முடிந்தது புதிதாக இறக்குகிறவர்களுக்குத்தான். போனுக்குப் போன் அனுப்பி வாங்கினவர்களிடம் பழையதுதான் இருக்கும், அவர்கள் டேட்டா போட்டுப் புதுசு வாங்கப் போவதில்லை. பச்சை முண்டாசுக்காரி அவர்கள் ஜன்னலில் நின்றுகொண்டேதான் இருப்பாள்.

நேற்று ஞாயிறு ஆராதனை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்ததும் வைசன் வந்தான்.

அம்மா தேநீர் போட்டுக் கொடுத்தாள். அவன் குடித்துக்கொண்டே பேசினான், நான் எழுதுகிற மாதிரியே பேசினான்.

"மச்சான், ஒங்க பேரு போட்ட வெளையாட்டுதான் லாரி வரிசையில பூரா ஓடுது."

"அப்படியா."

"அதுல ஒரு பொம்பள வர்றா பாருங்க, பச்சை முண்டாசு, கையில ஒரு பொண்ணு. அவள மட்டும் நான் விட்டதே இல்ல. எத்தன தடவ வந்தாலும் திருப்பி அனுப்பிடுவேன். புள்ளியும் கெடைக்குது, மனசுக்கும் நல்லா இருக்கு."

"கதைதானே அது" என்றேன்.

"கதைதான். பள்ளிவாசலுக்குப் பின்னாடி தையக்கடைன்னு சொல்றாளே, அதுவும் கதையா?"

"சும்மா போட்டது."

"எந்த ஊர்ப் பள்ளிவாசல்?"

"எந்த ஊரும் இல்ல மாப்ள, வாயில வந்ததப் போட்டேன்."

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். "தியாமிகே எங்க இருக்கா?"

"பிளான்டயர்ல. சித்தி வீட்ல."

"போன தடவையும் அதத்தான் சொன்னீங்க. அதுக்கு முந்தி சோம்பான்னீங்க. ஒங்கம்மா டிசம்பர்ல கேட்டப்ப ஏரிக்கரையில சிநேகிதி வீடுன்னாங்க." பிறகு இரண்டு விரலை மேசை மேல் வைத்தான், ஒன்று இங்கே, ஒன்று அங்கே. "ரெண்டையும் தொட்டு, ஏன்னு கேக்கணும். அப்படித்தானே மச்சான்? நீங்கதான் சொல்லிக் குடுத்துருக்கீங்க."

முதலில் சோம்பா, அப்புறம் பிளான்டயர் என்று சமாளித்தேன். சொல்லும்போதே தெரிந்தது, ஜன்னலில் நிற்கிற எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொல்கிறேன். அவனுக்கும் அது தெரிந்தது. என் போனைக் கேட்டு வாங்கி, விளையாட்டைப் பார்ப்பது போல எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தான். உன் எண் அதில் இல்லாதது கடவுள் செயல். கிளம்பும்போது கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தான். "சரி மச்சான், எனக்கு இந்த வாரம் வடக்கே சரக்கு. மேக்கால போறவங்க யாராவது இருந்தா அவங்களப் பாக்கச் சொல்றேன்" என்றான். மேற்கே என்றால் நீ இருக்கிற பக்கம்தான்.

என்னை மன்னித்துவிடு என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அந்தக் காட்சியை எழுதியபோது உன்னைக் காப்பாற்றுகிற மாதிரிதான் எனக்குத் தோன்றியது. நீ எவ்வளவு பயந்தாய் என்று நாலு பேருக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன். நாலு பேர் பாராட்டட்டும் என்றும் நினைத்தேன், அதையும் மறைக்க விரும்பவில்லை.

எங்கே போகிறாய் என்று மட்டும் நசிபேகோ அம்மாவிடம் சொல்லி அனுப்பு. நான் தாய்மாமன். அந்தக் குழந்தை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது. அம்மாவும் அதையே சொல்லி அழுகிறாள்.

லிம்பிகானி

*

செவ்வாய், ஏப்ரல் 30
(ஊர் எழுதவில்லை)

அண்ணாவுக்கு,

உன் கடிதம் வருவதற்கு ஒரு நாள் முன்பே ஆள் வந்துவிட்டான்.

நேற்று மத்தியானம் ஒருவன் சட்டை கொண்டுவந்தான். தையல் பிரிந்திருக்கிறது என்றான். நான் பார்த்தேன், பிரிந்த தையல் இல்லை, கத்தரித்தது. அதுபெலே பள்ளியிலிருந்து வந்து வாசல் படியில் உட்கார்ந்து எண்ணெயில் பொரித்த மாந்தசி தின்றுகொண்டிருந்தாள். அவன் அவள் பக்கத்தில் குனிந்து பேச ஆரம்பித்தான்.

"ஒம் பேரு என்ன பாப்பா?"

"மெர்சி."

"அப்பா எங்க?"

"செத்துட்டாரு."

அடடா என்று அவள் தலையைத் தடவினான். அந்த நேரம் பார்த்து எலிடா அக்கா உள்ளேயிருந்து வந்தாள். அவளிடம் அதே குரலில், "நல்ல புள்ள. அப்பா என்ன பண்றாரு?" என்று கேட்டான். அக்கா, பாவம், புது ஆள் கேட்டால் சொல்வதற்கென்று நாங்கள் முதலில் பேசி வைத்திருந்ததைச் சொன்னாள். "லுசாகாவுல காவல் வேலைங்க." பிறகு நாங்கள் அதை மாற்றியது அவளுக்கு மறந்துவிட்டது. அவன் குழந்தையைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், கடைசியில் இயந்திரத்தின் பின்னால் இருந்த என்னைப் பார்த்தான். ஏன் என்று அவன் கேட்கவே இல்லை. நான் தலை குனிந்து மிதித்துக்கொண்டிருந்தேன். ஊசியில் நூல் இல்லை என்று அவன் போன பிறகுதான் கவனித்தேன். "சட்டைய நாளைக்கு வந்து வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் போனதும் அதுபெலே என்னிடம் வந்தாள். "இனிமே அப்பா செத்தவராம்மா, லுசாகாவுல இருக்கறவராம்மா? எதச் சொல்லணும்?" என்று கேட்டாள். அழவில்லை, வீட்டுப் பாடம் கேட்பது போலக் கேட்டாள். நான் தப்பாகச் சொல்லிவிட்டேனா என்று இரவெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளிடம் தப்பில்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அவள் நம்பவில்லை. எனக்கு உன் மேல் வந்த கோபத்தை எல்லாம் விட அதுதான் பெரிதாக இருக்கிறது.

காலையில் துணிகளைக் கட்டிவிட்டோம். எலிடா அக்காவும் கடையைப் பூட்டிவிட்டு அவள் மாமியார் ஊருக்குப் போகிறாள். பஸ் நிலையத்தில் நசிபேகோ அம்மா எங்களைக் கண்டுபிடித்து உன் கடிதத்தைக் கொடுத்தாள். அவள் மூட்டை மேல் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். எந்தப் பஸ் என்று அவள் பார்க்காதபடி, எழுதி முடித்ததும் அவளைச் சந்தைக்கு அனுப்பிவிடுவேன். அவளைக் கேட்டுத் தொல்லை பண்ணாதே.

எங்கே போகிறேன் என்று உனக்கும் சொல்லப் போவதில்லை. நீ வேண்டுமென்றே சொல்லிவிடுவாய் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் உனக்குப் பொய் சொல்ல வராது, உண்மையைச் சும்மா வைத்துக்கொள்ளவும் வராது. வைசன் மறுபடி வருவான், இரண்டு விரலை மேசை மேல் வைப்பான். அன்று உனக்குத் தெரியாது என்று நீ சொன்னால் அது உண்மையாக இருக்க வேண்டும். இனி கடிதமும் வராது. உன் மேல் கோபம் இல்லை என்று எழுதலாம்தான், நீ படிக்க அம்மா கேட்டுக்கொண்டிருப்பாள் என்பதால். ஆனால் கோபம் இருக்கிறது. பாசமும் போகவில்லை, அதனால்தான் எழுத இவ்வளவு நேரம் ஆகிறது. அம்மாவிடம் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

தாய்மாமனுக்குத் தெரிந்தாக வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அந்த உரிமையை நம்பித்தான் அன்று அந்த அதிகாரியிடம் உன்னைச் சொன்னேன். இந்தக் குழந்தைக்கு ஒரு மாமன் இருக்கிறான், அவனுக்கு எல்லாம் தெரியும் என்று எனக்குத் தைரியம் இருந்தது. இப்போது அவனுக்குத் தெரிந்திருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் விளையாட்டைப் பார்த்த மறுநாளே, உனக்கு எழுதிய கையோடு, இங்கே ஓர் அலுவலகத்தில் குழந்தைக்குப் புதிய தாள் எழுதி வாங்கினேன். பொறுப்பாளர் என்ற இடத்தில் யார் பெயர் போடுவது என்று அந்தப் பெண் கேட்டாள். அப்பா பெயரா, மாமா பெயரா என்றாள். என் பெயரைப் போடச் சொன்னேன். அப்படிப் போடுவது இங்கே வழக்கம் இல்லையே என்று யோசித்தாள், பிறகு போட்டாள். அடுத்த ஜன்னலில் கேட்டால் அதையேதான் சொல்லப் போகிறேன். அதுபெலேக்கும் அதையே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவள் மறக்காமல் சொல்வாள், ஏனென்றால் அது ஒன்றுதான் அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்ததில் உண்மை.

அதுபெலேயின் அம்மா